தரவு தாங்கும் அளவுக்கே சொல்வோம்

பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ அதன் பட்டப்பின் படிப்பு நிறுவனங்களிலோ தமிழ் மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டின் முதற் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் அடுத்தடுத்து வாசித்தால், எழுதியவர் ஒருவர்தானா என்ற சந்தேகம் வரும். நன்றியுரையில் மாணவர் கூனிக் குறுகி நிற்பார். தன் அறிவு சிறிது, குறைகள் எல்லாம் தன்னுடையவை, பெரியோர் பொறுத்தருள வேண்டும் என்பார். முடிவுரைக்கு வந்ததும் குரல் மாறிவிடும். 'இவ்வாய்வு நிரூபிக்கிறது', 'ஐயத்துக்கு இடமில்லை', 'ஒரே காரணம் இதுதான்' என்று அடித்துச் சொல்லத் தொடங்குவார். சில டசின் பேரிடம் வினாக்கொத்து நிரப்பி எழுதிய ஆய்வு, ஒரு சமூகம் முழுவதற்கும் தீர்ப்பு வழங்கிவிடும்.

இத்தகைய வரைவுகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்குப் பல காலமாக உண்டு. அதனால் எழுந்த கவலையே இக்கட்டுரை.

அவையடக்கம் நம் மரபு. காவியம் பாடியவர்கள் தங்களை எளியவர்களாகச் சொல்லிக்கொண்டே பெருங்காரியத்தில் இறங்கினார்கள். ஆனால் அது எழுதுகிறவர் தன்னைப் பற்றிக் காட்டும் அடக்கம். ஆய்வெழுத்து கேட்பது வேறொன்று. எழுதுகிறவர் நிமிர்ந்தே நிற்கலாம். அவர் சொல்லும் கூற்றுத்தான் சான்றின் அளவுக்குள் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வரும்போது மீளாய்வாளரின் குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆங்கிலத்தைத் திருத்துங்கள், தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் ஒருவரிடம் காட்டுங்கள் என்பார்கள். மாணவர் அதை நம்பிவிடுகிறார். தன் குறை இலக்கணத்தில் என்று எண்ணி, ஒருமை பன்மையும் காலமும் சரிபார்க்கப் பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறார். திருத்திய பிரதியில் இலக்கணம் சுத்தமாகிவிடும். 'நிரூபிக்கிறது' மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சில வேளை முன்னைவிடக் கம்பீரமாகவும் ஆகிவிடும்.

குறை எங்கே இருக்கிறது என்பதை ஒரு வாக்கியத்தை வைத்தே காட்டலாம். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாணவி ஒருவர் ஆய்வு செய்வதாக எடுத்துக்கொள்வோம். இரண்டு பிரிவுகளின் பிள்ளை மடுவங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை நிறுக்கிறார். எந்த வகுப்புவரை படித்தீர்கள் என்று தாய்மாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். கணினியில் இட்டுப் பார்த்தால், குறைவாகப் படித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் நிறைக்குறைவு கூடுதலாகத் தெரிகிறது. முடிவுரையில் இப்படி எழுதுகிறார்: 'தாய்மாரின் கல்விக் குறைவே தோட்டப் பிள்ளைகளின் நிறைக்குறைவுக்குக் காரணம்.'

பார்வைக்கு நல்ல வாக்கியம். சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் அந்த 'கல்விக் குறைவே' என்பதன் ஏகாரத்தை எந்தத் தரவு தாங்குகிறது? வீட்டு வருமானத்தை அவர் கேட்கவில்லை. காலையில் எத்தனை மணிக்குத் தாய் மலைக்குப் போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்று கேட்கவில்லை. லயத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. குறைவாகப் படித்த தாய், குறைந்த கூலிக்கு அதிக நேரம் வேலை செய்பவளாகவும் இருக்கக்கூடும். அப்படியானால் பிள்ளையின் நிறையைக் குறைப்பது படிப்பா, கூலியா, நேரமா? இந்த ஆய்வால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 'தோட்டப் பிள்ளைகள்' என்பதும் அளவு மீறியது. அவர் பார்த்தது இரண்டு பிரிவுகளின் பிள்ளைகளை மட்டும்.

அவர் நேர்மையாக எழுதக்கூடியது இவ்வளவுதான்: 'ஆய்வுக்கு உட்பட்ட இரு பிரிவுகளிலும், குறைந்த வகுப்புவரை படித்த தாய்மாரின் பிள்ளைகளிடையே நிறைக்குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். வருமானமும் தாயின் வேலை நேரமும் இங்கு ஆராயப்படவில்லை.' முதல் வாக்கியத்தில் தயக்கமே இல்லை. அவர் கண்டது அது. கண்டதை உறுதியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதில் 'இருக்கலாம்' வருகிறது, ஏனெனில் அது அவருடைய ஊகம். மூன்றாவது, தான் பார்க்காததைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. எல்லா வாக்கியங்களிலும் 'ஒருவேளை'யைத் தூவுவது நிதான மொழி ஆகாது. எந்த வாக்கியத்தில் உறுதி, எந்த வாக்கியத்தில் தயக்கம் என்று பிரித்தறிவதுதான் அது.

இதை வெறும் நடை நுணுக்கம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆய்வேட்டை முழுதாக வாசிப்பவர் மிகச் சிலர். ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வரிதான் வெளியே நடமாடுகிறது. திட்டம் வகுக்கும் அதிகாரி அந்த வரியை எடுப்பார். தொண்டு நிறுவனத்தின் அறிக்கை அதை மேற்கோள் காட்டும். பிறகு தாய்மாருக்கு ஊட்டச்சத்து வகுப்பு வைப்பார்கள். கூலியைப் பற்றிய பேச்சு அந்த அறையிலேயே எழாது. கம்பளைக்கு அருகே சிங்ஹாபிட்டியவில் 1823இல் கோப்பித் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து, மலையக மக்களைப் பற்றி மற்றவர்கள் உறுதியான குரலில் எழுதியவை ஏராளம். சோம்பல், அழுக்கு, குடி, அறியாமை என்று துரைமாரும் அதிகாரிகளும் தயங்காமல் எழுதி வைத்தார்கள். லயத்திலிருந்து படித்து வந்த நம் பிள்ளையே, பட்டம் பெறும் அவசரத்தில், அதே குரலில் தன் தாயைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போது எனக்கு மனம் நோகிறது.

இந்தப் பழக்கம் வந்த வழி மறைவானதல்ல. சாதாரண தரத்திலிருந்து உயர்தரம் வரை நம் வகுப்பறை புள்ளி கொடுப்பது உறுதிக்கு. 'சோழப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களை விளக்குக' என்று கேட்டால் ஐந்து காரணங்களையும் அடித்து எழுத வேண்டும். 'இதில் கருத்து வேறுபாடு உண்டு, இன்ன சான்று போதாது' என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறையும் என்ற பயம் ஆசிரியருக்கும் உண்டு. 1960 அளவில் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களில் சுயமொழிக் கல்வி வந்தது. பேராதனைக் கலைப்பீடத்தில் இன்றும் தமிழில் படித்துப் பட்டம் பெறலாம். அதில் பெரும் நன்மை உண்டு. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் உயர்பட்டத்துக்கு வரும்போது அதே மாணவர் திடீரென ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலில் அவருக்குக் குறைவது சொற்கள் மட்டுமல்ல. தன் கூற்றை அளந்து சொல்லும் பழக்கம் தமிழிலேயே அவருக்கு அமையவில்லை. இல்லாத ஒன்றை எப்படி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈழத்துத் தமிழ்க் கட்டுரைகளில் 'எனலாம்' என்ற முடிப்பு மிகுந்த செல்வாக்கு உடையது. 'பாரதி ஒரு மகாகவி எனலாம்', 'கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது எனலாம்' என்றெல்லாம் எழுதுகிறோம். இங்கே எந்த ஐயமும் இல்லை. வாக்கியத்தை ஓசையோடு முடிக்கவே அது வருகிறது. மாணவர் இதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்க்கிறார். விளைவு தலைகீழாகிறது. எல்லோரும் அறிந்த ஆண்டுக்கு முன்னால் தயக்கமும், அவர் மட்டுமே சொல்லும் காரணத்துக்கு முன்னால் முழு உறுதியும் வந்து நிற்கின்றன. வெளிநாட்டு மீளாய்வாளருக்கு இதன் பின்னணி தெரியாது. இவருக்குத் தன் பொருளே விளங்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இந்த அளவறிதல் பிறப்பிலேயே வந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம். அவர்களும் படித்துத்தான் பெற்றார்கள். வேதியியலாளர் ரொபர்ட் பொயில் 1661இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில், 'ஒருவேளை', 'போலத் தோன்றுகிறது' போன்ற சொற்களைத் தாம் ஏன் அடிக்கடி கையாளுகிறார் என்று விளக்கியிருக்கிறார். பரிசோதனையில் நேரில் கண்டதைத் துணிந்து சொல்வதும், அதன் காரணத்தைப் பற்றிப் பேசும்போது தயங்குவதும் அவருடைய முறை. அன்று இங்கிலாந்தில் அறிவியல் எழுதத் தொடங்கியவர்கள் முயன்று வகுத்துக்கொண்ட பழக்கம் அது. ஆங்கில இலக்கணத்தின் உள்ளிருந்து தானாக முளைத்ததல்ல.

பிற மொழி மாணவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். கென் ஹைலண்ட், ஜோன் மில்ரன் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கன்ரனீஸ் பேசும் ஹொங்கொங் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளையும் அதே வயதுப் பிரித்தானிய மாணவர்களின் கட்டுரைகளையும் ஒப்பிட்டார்கள். ஹொங்கொங் மாணவர்கள் மிகச் சில சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். கூற்றுகளையும் கூடுதல் உறுதியோடு முன்வைத்தார்கள். பேராதனையில் நான் காண்பதும் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

அளந்து எழுதினாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை என்பதற்கும் பேராதனையிலேயே சான்று உண்டு. அங்கே படித்து அங்கேயே வரலாறு கற்பித்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. இலங்கையின் திராவிடக் குடியேற்றங்களும் யாழ்ப்பாண அரசின் தொடக்கமும் பற்றி அவர் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை 1965இல் இலண்டன் பல்கலைக்கழகம் ஏற்றது. பத்தாம் நூற்றாண்டுக்கு முன்னர் பரவலான, நிலையான தமிழ்க் குடியேற்றங்கள் இருந்தன என்று கொள்வதற்கு அன்று கைக்கெட்டிய சான்றுகள் போதா என்பது அவருடைய நிலைப்பாடு. 'சான்று போதாது' என்பது வரலாற்றாய்வாளரின் சொல். அரசியல் மேடைக்குப் போனதும் அது 'தமிழர் இருக்கவே இல்லை' என்று மாறியது. ஒரு தமிழ் அறிஞரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சொல்லி அதை நம் மீதே எறிந்தார்கள். நம்மவர் பலரும் அவர் என்ன எழுதினார் என்று பார்க்காமலே அவரைக் கடிந்துகொண்டார்கள்.

அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் தலைமையிலான குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. புதிய சான்றுகள் சேரச் சேர அவர் தம் பழைய முடிவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தார். இலங்கைத் தமிழர் ஓர் இனக்குழுவாக உருவான வரலாற்றைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலிருந்து சொல்லும் ஆங்கில நூலை 2005இல் வெளியிட்டார். அது தமிழிலும் வந்தது. தம் முந்தைய ஆய்வு காலங்கடந்துவிட்டது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு அது ஏன் இயன்றது என்பதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 1965இல் அவர் தம் கூற்றை அன்றைய சான்றோடு கட்டி வைத்திருந்தார். சான்று வளர்ந்தபோது கூற்றும் நகர முடிந்தது. 'இருந்ததே இல்லை' என்று அவர் எழுதியிருந்தால், பின்னால் ஒன்று மௌனமாயிருக்க வேண்டும், அல்லது கிடைத்த முத்திரையை மறுக்க வேண்டும்.

அறிவியலிலும் இதே கதை நடந்தது. அதன் விலையை நாடு முழுவதும் கொடுத்தது. வட மத்திய மாகாண விவசாயிகளிடையே 1990களிலிருந்து பரவிய நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு மருத்துவர்கள் இட்ட பெயரிலேயே 'காரணம் அறியப்படாத' என்ற அடைமொழி இருக்கிறது. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம், பீடைகொல்லி, வெப்பம் என்று பல முனைகளில் தேடினார்கள். பேராதனைப் புவிச்சரிதவியலாளர்களுக்கும் அதில் முக்கிய பங்கு உண்டு. 2014 பெப்ரவரியில் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியான கட்டுரை, கிளைபோசேட் களைநாசினியும் கடின நீரும் பார உலோகங்களும் சேர்ந்து இந்நோயை உண்டாக்குகின்றனவா என்ற கருதுகோளை முன்வைத்தது. அதன் தலைப்பே ஒரு கேள்விதான். முடிவில் கேள்விக்குறி இருந்தது.

கொழும்புக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்விக்குறி கழன்று விழுந்துவிட்டது. 2015இல் கிளைபோசேட் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தேயிலை மலைகளில் களை பிடுங்கும் வேலை மீண்டும் தொழிலாளரின் கைகளுக்கு வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயன உரங்களையும் விவசாய இரசாயனங்களையும் ஒரேயடியாக நிறுத்தியபோது, சொல்லப்பட்ட காரணங்களில் சிறுநீரக நோயும் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அத்தடையும் கைவிடப்பட்டது. கிளைபோசேட் தீங்கற்றது என்று நான் வாதாடவில்லை. அதைக் குறித்துக் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இருக்கின்றன. கேள்வியை விடையாக வாசித்ததில், உண்மையான காரணத்தைத் தேடும் வேலை பின்னுக்குப் போயிற்று என்பதுதான் என் ஆதங்கம். நோயாளிகள் இன்னமும் இரத்தச் சுத்திகரிப்புக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் நம்பிக்கையில்லாத மாணவர் சிலர் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். ஒரே வாக்கியத்தில் 'கூடும்', 'ஒருவேளை', 'ஓரளவு' மூன்றையும் அடுக்கி, தாம் கண்ணால் கண்டதையே மறுத்துவிடுகிறார்கள். அல்லது தம் சொந்தக் கண்டுபிடிப்பைக்கூட மேல்நாட்டு அறிஞர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். இது பயத்தின் மொழி. அந்தப் பயத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 2002இல் எழுதிய ஆங்கில நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். தாளும் மின்சாரமும் தபாலும் இல்லாத ஊரிலிருந்து எழுதுகிறவரை, அவை யாவும் குறைவின்றிக் கிடைக்கும் ஊரின் விதிகளால் ஆய்விதழ்கள் அளந்தன. வசதியுள்ள பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற பேராசிரியர் துணிந்து சொன்னால் அது புதிய பார்வை. பேராதனையிலிருந்து புதியவர் அதையே சொன்னால் அது மிகைக்கூற்று. இந்த அநீதி இருக்கிறது. ஆயினும் அதற்கு எதிராக நாம் உரத்த குரலில் எழுதிக் குவிப்பதால் பயன் வராது. எங்கே உறுதியாக நிற்கிறோம் என்பதைச் சான்றோடு துல்லியமாகக் காட்டினால், நம்மைத் தள்ளிவிடுவது அவர்களுக்குக் கடினமாகும்.

இப்போது மாணவர்கள் வரைவை மென்பொருளிடம் கொடுத்து ஆங்கிலத்தை மெருகேற்றுகிறார்கள். அது எத்தனை பிள்ளைகள் நிறுக்கப்பட்டார்கள் என்று கேட்காது. தரவைக் காணாமலே ஓரிடத்தில் 'கூடும்' சேர்க்கும், இன்னோரிடத்தில் 'தெளிவாக' சேர்க்கும். இரண்டையும் மாணவர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.

எனவே தொடங்க வேண்டிய இடம் தமிழ் என்று உறுதியாக நம்புகிறேன். நமக்கு அதற்கான கருவிகள் குறைவில்லை. 'போலும்', 'கூடும்', 'எனத் தோன்றுகிறது', 'எனக் கொள்ள இடமுண்டு', கேள்விப்பட்டதைக் குறிக்கும் 'ஆம்' என்று படிப்படியாக இறங்கும் வரிசையே இருக்கிறது. மாற்றுக் கருத்து உண்டென்பதைப் பதிந்துவிட்டு அதை மறுக்கும் வழக்கம் நம் உரையாசிரியர்களிடம் இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைத் தாமே நிரப்பாமல் சிதைந்தபடியே புள்ளியிட்டு விட்டார். பேராதனைக்குப் பக்கத்திலேயே, லங்காதிலக விகாரைப் பாறையில் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. அத்தகைய கல்வெட்டுகளைப் பதிப்பிக்கிறவர்கள் ஐயமான எழுத்தை அடைப்புக்குள் இடுவார்கள். அழிந்ததைப் புள்ளிகளால் காட்டுவார்கள். தெரிந்த எழுத்து எது, ஊகித்த எழுத்து எது என்று வாசிப்பவருக்கு ஒரே பார்வையில் விளங்கும். அந்த விகாரைக்குப் போக அரை மணி நேரம் போதும். ஆய்வு முறையியல் வகுப்பின் முதல் நாளில் மாணவர்களை அங்கே அழைத்துப் போகலாம்.

மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் முடிவுரையை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குமுன், அதே முடிவுகளைத் தமிழில் பத்து வாக்கியங்களாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அதைத் தாங்கும் அட்டவணையின் இலக்கத்தையோ, நேர்காணலின் திகதியையோ குறிக்கச் சொல்லுங்கள். ஓரம் வெறுமையாக இருக்கும் வாக்கியத்தை ஊகமாக மாற்றி எழுதச் செய்யுங்கள், அல்லது நீக்கச் செய்யுங்கள். அதன் பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை, பாடத்திட்டக் குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் ஒரு பிற்பகலை ஒதுக்கி மாணவரோடு அமர்ந்தால் போதும்.